1989 மாடல் சிவப்புக் கார், பெயிண்ட் வெளுத்துவிட்டது: எந்த வாக்ஸ் போடலாம்?

#1 சிவப்புக்கதவு

வணக்கம் நண்பர்களே. அப்பா 1989-ல் வாங்கிய கார் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. இஞ்சின், பிரேக் வேலையெல்லாம் ஒருவழியாக முடித்துவிட்டேன். மிச்சம் இருப்பது பெயிண்ட்தான்.

மெட்டாலிக் இல்லை, சாதாரணச் சிவப்பு. வாங்கியபோது செம்பருத்திப் பூ நிறத்தில் இருந்தது. இப்போது டாப் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துக் கிடக்கிறது. கதவை விரலால் தேய்த்தால் நுனியில் இளஞ்சிவப்புப் பொடி ஒட்டுகிறது. பானட்டில் வேறு மாதிரி. அது அவ்வளவு வெளுக்கவில்லை, ஆனால் முன் ஓரத்தில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குத் திட்டாக வெள்ளை.

தண்ணீர் ஊற்றிக் கழுவும்போது மட்டும் அந்தப் பழைய சிவப்பு திரும்பி வருகிறது. காய்ந்ததும் போய்விடுகிறது. அந்த ஐந்து நிமிடத்தைப் பார்ப்பதற்காகவே சில நாள் வண்டியைக் கழுவுகிறேன்.

வீட்டில் ஒரு டப்பா பேஸ்ட் வாக்ஸ் இருந்தது. ஒரு கதவில் போட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் பளபளத்தது, அப்புறம் பழையபடி ஆகிவிட்டது. கார்னாபா, சிந்தெடிக் சீலன்ட், செராமிக் கோட்டிங் என்று மூன்று பேர் மூன்று சொல்கிறார்கள். ஒருவர் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடை என்கிறார். வண்டி பாதி நாள் வெயிலில்தான் நிற்கும். என்னிடம் மெஷின் எதுவும் இல்லை. எதை வாங்கலாம்?

#2 மெழுகுடப்பா

சிவப்புக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு கார்னாபாதான் சொல்வேன். வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு வகைப் பனையின் ஓலையில் படியும் மெழுகு அது. வறண்ட காலத்தில் ஓலை காய்ந்துபோகாமல் இருக்க மரமே தனக்குப் பூசிக்கொள்வது. இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமானவற்றில் ஒன்று. 82 முதல் 86 டிகிரி செல்சியஸ் வரை போனால்தான் உருகும். தனியாக எடுத்தால் கல் மாதிரி இருக்கும், அதனால் எண்ணெயும் கரைப்பானும் மற்ற மெழுகுகளும் கலந்துதான் டப்பாவில் வருகிறது. 'நூறு சதவீதம் கார்னாபா' என்று போட்டிருந்தால் டப்பாவுக்குள் இருப்பது முழுக்க அதுதான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடர் நிறங்களில் அது தரும் ஆழம் தனி. ஆயுள்தான் குறைவு. வெயிலில் நிற்கும் வண்டியில் ஆறிலிருந்து எட்டு வாரம் நின்றால் நல்லது. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை; இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வண்டியை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்க்க ஒரு காரணம் கிடைக்கிறது.

#3 பட்டறைக்காரர்

தம்பி, வாக்ஸ் பற்றிப் பேசுவது இப்போதைக்கு வேண்டாம். நான் முப்பது வருடம் ஸ்ப்ரே கன் பிடித்தவன். உங்கள் கேள்வியில் உள்ள ஒரு விஷயம்தான் என் கண்ணில் பட்டது: விரலில் பொடி ஒட்டுகிறது என்றீர்களே, அதுதான் எல்லாவற்றுக்கும் திறவுகோல்.

கார் பெயிண்டில் இரண்டு வகை. ஒன்று, நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கில் இருப்பது. சிங்கிள் ஸ்டேஜ் என்போம். இன்னொன்று, கீழே நிறம், மேலே கண்ணாடி மாதிரி கிளியர் கோட். 1980-களில்தான் இந்த இரண்டாவது முறை கம்பெனிகளில் பரவலானது. மெட்டாலிக் நிறங்கள் முதலில் அதற்கு மாறின. வெள்ளை, சிவப்பு மாதிரி சாதா நிறங்கள் பல வண்டிகளில் அதற்குப் பிறகும் ரொம்ப நாள் சிங்கிள் ஸ்டேஜாகவே வந்தன. உங்கள் வண்டி அந்தக் காலத்தது.

சிங்கிள் ஸ்டேஜில் வெயில் நேரடியாக நிறத்தின் மேலேயே விழும். புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு மேலே உள்ள பிசின் சிதைந்துவிடும். பிடித்துக்கொள்ளப் பிசின் இல்லாததால் நிறப்பொடி தளர்ந்து நிற்கும். உங்கள் விரலில் ஒட்டுவது அதுதான். அந்தச் செத்த தோலின் மேலே நீங்கள் வாக்ஸ் போட்டீர்கள். அது இரண்டு நாள் நின்றதே பெரிது.

தண்ணீர் பட்டால் நிறம் வருவதற்கும் இதே காரணம். மேல்பரப்பு சொரசொரப்பாக இருப்பதால் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறுகிறது, கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் அந்தக் குழிகளை நிரப்பியதும் வெளிச்சம் உள்ளே போய் நிறத்தோடு திரும்புகிறது. அதாவது கீழே சிவப்பு உயிரோடு இருக்கிறது. நல்ல செய்தி அது.

முதல் வேலை: ஒரு வெள்ளைத் துணி, கொஞ்சம் மென்மையான பாலிஷ். ஒவ்வொரு பாகத்திலும் கண்ணில் படாத ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். துணி சிவந்தால் சிங்கிள் ஸ்டேஜ். சிவக்காவிட்டால் கிளியர் கோட். ஒரே கதவில் பார்த்துவிட்டு முழு வண்டிக்கும் முடிவு கட்டாதீர்கள். 35 வருட வண்டியில் எந்தப் பாகம் எப்போது எங்கே பெயிண்ட் ஆனது என்று யாருக்கும் நினைவிருக்காது.

#4 நானோபூச்சு

இவ்வளவு கஷ்டம் எதற்கு? ஒரு முறை நன்றாக காம்பவுண்ட் போட்டு வழித்துவிட்டு (காம்பவுண்ட் என்றால் மேல்பரப்பைத் தேய்த்து எடுக்கும் பசை), கெட்டிப் படலமாகப் பிடித்துக்கொள்ளும் செராமிக் போட்டுவிட்டால் இரண்டு மூன்று வருடம் திரும்பிப் பார்க்க வேண்டாம். என் வண்டியில் போட்டிருக்கிறேன். தண்ணீர் நிற்பதே இல்லை, கழுவுவதும் பாதி நேரத்தில் முடிந்துவிடுகிறது. வெயிலில் நிற்கும் வண்டிக்கு மெழுகை நம்புவது சரியாக வராது.

#5 துணிவாளி

நானோபூச்சு நண்பரே, உங்கள் வண்டி எந்த வருடம்? புது வண்டிக்கு நீங்கள் சொல்வது சரி, நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் 'நன்றாக காம்பவுண்ட் போட்டு வழித்துவிட்டு' என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். இந்த வண்டியில் வழிப்பதற்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் கேள்வியே.

கம்பெனியிலிருந்து வரும் கார் பெயிண்ட், தகட்டின் மேல் முதலில் அடிக்கும் ப்ரைமரோடு சேர்த்துப் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். இரண்டு முடியை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எவ்வளவோ, அவ்வளவுக்குள் எல்லா அடுக்கும் அடங்கிவிடும்.

இன்னொன்று. செராமிக் பிடித்தபின் அதில் கறையோ பட்டையோ வந்தால் துடைத்து எடுக்க முடியாது, பாலிஷ் போட்டுத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பெயிண்டும் சேர்ந்து போகும். மெழுகோ சீலன்டோ பிடிக்காவிட்டால் சுத்தம் செய்து எடுத்துவிட்டு வேறு போடலாம். பெயிண்டில் ஒரு மைக்ரான்கூடக் குறையாது. மெல்லிசாகிவிட்ட பழைய பெயிண்டுக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பெரியது.

#6 சிவப்புக்கதவு

பட்டறைக்காரர் ஐயா சொன்னபடி செய்தேன். பழைய வெள்ளை பனியனைக் கிழித்து எட்டுத் துண்டாக்கி, ஒவ்வொன்றிலும் பால்பாயின்ட் பேனாவால் பாகத்தின் பெயரை எழுதிக்கொண்டேன். நான்கு கதவு, டிக்கி, டாப், முன் ஃபெண்டர் ஒன்று: ஏழு துண்டும் சிவந்துவிட்டன. டாப்பில் தேய்த்த துணியைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது, அவ்வளவு நிறம். எட்டாவது துண்டு, பானட், வெள்ளையாகவே இருக்கிறது. கொஞ்சம் அழுக்கு மட்டும்.

அம்மாவிடம் கேட்டேன். 2000 வாக்கில் முன்னால் ஒரு இடி பட்டு, ஒரு பட்டறையில் பானட்டை மட்டும் பெயிண்ட் அடித்தார்களாம். நிறம் சேரவில்லை என்று அப்பா பல நாள் புலம்பிக்கொண்டிருந்தாராம். எனக்குத் தெரியவே தெரியாது.

#7 பட்டறைக்காரர்

பார்த்தீர்களா. ஒரே வண்டியில் இரண்டு பெயிண்ட், இரண்டு வைத்தியம்.

பானட்டில் இருக்கும் அந்த உள்ளங்கை அளவு வெள்ளைத் திட்டைக் கிட்டப்போய்ப் பாருங்கள். அதற்கு ஓரம் இருக்கிறதா? வெயிலில் உரிந்த தோல் மாதிரி, நகத்தால் தொட்டால் விளிம்பு தட்டுப்படுகிறதா? தட்டுப்பட்டால் கிளியர் கோட் கீழிருந்து விட்டுப்போய்விட்டது. தண்ணீர் ஊற்றினாலும் அந்த எல்லைக்கோடு மறையாது. அதற்கு உலகத்தில் எந்தப் பாலிஷும் கிடையாது. தேய்க்கத் தேய்க்கப் பெரிதாகும். சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள். பிறகு என்றைக்காவது பானட்டை மட்டும் மறுபடி அடித்துக்கொள்ளலாம்.

முடிந்தால் தடிமன் பார்க்கும் மீட்டர் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். இரும்புத் தகட்டின் மேல் எவ்வளவு பெயிண்ட் இருக்கிறது என்று காட்டும். அடுக்கு அடுக்காகப் பிரித்துச் சொல்லாது, மொத்தத்தைத்தான் சொல்லும். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண மீட்டர் வேலை செய்யாது. ஒரு பாகத்துக்கு ஒரே இடத்தில் வைத்துப் பார்க்காமல் ஏழெட்டு இடத்தில் வையுங்கள்.

#8 ஞாயிறுகாலை

மீட்டர் விஷயத்தில் ஐயா சொல்வதைத் தயவுசெய்து கேளுங்கள். நான் கேட்கவில்லை.

எனக்கும் ஒரு பழைய வண்டி, அடர் நீலம். ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி பாலிஷர் இரவல் வாங்கி, கம்பளி பேட் மாட்டி, கனமான காம்பவுண்ட் வைத்துத் தொடங்கினேன். முதல் கதவு கண்ணாடி மாதிரி வந்துவிட்டது. அந்த உற்சாகத்தில் பின் ஃபெண்டரின் மடிப்புக் கோட்டின் மேல் ஒரு விநாடி கூடுதலாக நிறுத்திவிட்டேன். நீலத்துக்கு நடுவில் நூல் மாதிரி ஒரு சாம்பல் கோடு. முதலில் காம்பவுண்ட் காய்ந்திருக்கிறது என்று நினைத்துத் துடைத்தேன். துடைத்தேன், துடைத்தேன், போகவில்லை. அது ப்ரைமர்.

மடிப்பிலும் ஓரத்திலும் பெயிண்ட் எப்போதுமே மெல்லிசாகத்தான் நிற்கும். ஈரமாக இருக்கும்போதே அங்கிருந்து விலகி ஓடிவிடும். மெஷினின் முழு அழுத்தமும் அந்தக் கோட்டின் மேல்தான் விழும். இப்போது நான் மெஷினை எடுக்கும் முன் எல்லா மடிப்பிலும் டேப் ஒட்டிவிடுகிறேன், கடைசியில் டேப்பை எடுத்துவிட்டு அந்த இடங்களைக் கையால் தேய்க்கிறேன். ரோட்டரியைத் தொடுவதே இல்லை. டூயல் ஆக்‌ஷன் மெஷின் சுழன்றுகொண்டே ஆடவும் செய்வதால் சூடு ஓரிடத்தில் குவியாது. அழுத்தினால் சுழல்வதையே நிறுத்திவிடும். புதிதாகப் பழகுகிறவருக்கு அதுவே பெரிய பாதுகாப்பு.

#9 சிவப்புக்கதவு

மீட்டர் கிடைத்துவிட்டது. கதவுகள் 95 முதல் 112 வரை. டிக்கி 90 பக்கம். பானட் 240 முதல் 270. டாப்புதான்: நடுவில் 81, முன் ஓரத்தில் 68. ஒரு இடத்தில் 63.

பானட்டின் வெள்ளைத் திட்டுக்கு ஓரம் இருக்கிறது ஐயா. நகம் தட்டுகிறது.

#10 பட்டறைக்காரர்

பானட் 250 என்றால் பழைய பெயிண்டின் மேலேயே அடித்திருக்கிறார்கள். பள்ளத்தை நிரப்பும் பட்டி நிறைய இருந்தால் இன்னும் மேலே போயிருக்கும், அதனால் இடி பெரிதாக இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் தடிமன் இருக்கிறதே என்று பானட்டை வழித்துவிடாதீர்கள். அந்த 250-ல் மேலே இருக்கும் கிளியர் எவ்வளவு என்று மீட்டர் சொல்லவில்லை. கம்பெனி வண்டியில் கிளியர் 35 முதல் 50 மைக்ரான் இருக்கும். வெயிலைத் தடுக்கும் மருந்தும் அதில்தான் கலந்திருக்கும். அதைக் குறைத்தால் மிச்சம் இருக்கும் பகுதியும் அந்தத் திட்டு போலவே விட்டுப்போகும்.

டாப்பில் காம்பவுண்ட் வேண்டாம். 63-ல் ப்ரைமரும் அடக்கம். அங்கே சிவப்பு என்று மிச்சம் இருப்பது சொற்பம். இளமையாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படாமல், இருப்பதைக் காப்பாற்றுங்கள். கதவுகளில் தாராளமாக வேலை செய்யலாம்.

#11 துணிவாளி

அடுத்து கழுவுவது. இதை எல்லோரும் அவசரமாக முடித்துவிடுகிறார்கள். கார் பெயிண்டில் இருக்கும் சிலந்தி வலை மாதிரியான மெல்லிய கீறல்களில் பெரும்பாலானவை கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுந்தவைதான்.

இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். ஷாம்பு வாளியில் நனைத்த கையுறையை வண்டியில் ஒருமுறை ஓட்டியதும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் திரும்ப ஷாம்புக்குப் போக வேண்டும். டாப்பில் தொடங்கிக் கீழே வாருங்கள். கதவின் கீழ்ப்பாதியைக் கடைசியில்.

கழுவி முடித்ததும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பெயிண்டின் மேல் தடவுங்கள். வெறும் கைக்கு வழவழ என்று தெரிந்த இடம் பைக்குள் மணல்தாள் மாதிரி உணரும். பிரேக்கிலிருந்து பறந்து குத்திக்கொண்ட இரும்புத் துகள், மரப்பிசின், தார் எல்லாம் அதில் இருக்கும். கிளே பார் என்ற பிசையும் களிமண் கட்டி இதற்குத்தான். நிறைய வழுக்குத் திரவம் தெளித்து, அழுத்தாமல், அதன் எடையிலேயே ஓட விடுங்கள். அடிக்கடி மடித்துப் புதுப் பக்கம் எடுங்கள். தரையில் விழுந்துவிட்டால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், கழுவி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். விழுந்த கிளேயில் ஒட்டிய ஒரு மணல் போதும்.

மண்ணெண்ணெய் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தார்ப் புள்ளியை எடுக்கத் துணி நுனியில் தொட்டுத் துடைத்து உடனே கழுவினால் தப்பில்லை. முழு வண்டியையும் துடைப்பது வேறு. எண்ணெய்ப் படலம் குழிகளை நிரப்பி ஒரு நாள் மின்னும், அதற்குள் தூசியை எல்லாம் இழுத்துக்கொள்ளும். கண்ணாடி ரப்பர்களும் கெட்டுப்போகும்.

#12 மெழுகுடப்பா

சிங்கிள் ஸ்டேஜ் என்று தெரிந்ததால் சொல்கிறேன். தேய்ப்பதற்கு முன் அந்தப் பெயிண்டுக்கு எண்ணெய் கொடுக்க வேண்டும். காய்ந்த சிங்கிள் ஸ்டேஜுக்கென்று பலரும் பல காலமாகக் கையாளும் முறை இது. மெகுவயர்ஸ் நம்பர் 7 கிளேஸ் என்ற எண்ணெய்ப்பசையுள்ள பூச்சு அதற்குப் பெயர் போனது. அதைத் தடிமனாகப் பூசி, டர்க்கி டவல் துண்டால் நன்றாகத் தேய்த்து, மறுபடி ஒரு கை பூசி, இரவு முழுக்க அப்படியே விட்டுவிட வேண்டும். காலையில் துடைத்தால் நிறம் பாதிக்குப் பாதி திரும்பியிருக்கும். செத்த தோல் துணியோடு வந்துவிடும்.

#13 நானோபூச்சு

பெயிண்ட் என்ன உயிருள்ள பொருளா, எண்ணெய் குடிப்பதற்கு?

#14 பட்டறைக்காரர்

குடிக்காது, உண்மைதான். ஆனால் காய்ந்து நுண்துளை விழுந்த பெயிண்டுக்குள் எண்ணெய் இறங்கும். தண்ணீர் செய்த அதே வேலையை அது செய்கிறது, தண்ணீர் மாதிரி ஆவியாகாமல் நிற்கிறது, அவ்வளவுதான். இன்னொரு நன்மை உண்டு: காய்ந்த பொடியைக் காய்ந்தபடியே தேய்த்தால் அது சொரசொரவென்று இழுத்துக் கோடு போடும். எண்ணெய் ஊறிய பிறகு தேய்த்தால் வழுக்கிக்கொண்டு வரும், நல்ல பெயிண்ட் அதிகம் போகாது. டாப் மாதிரி மெல்லிசான இடத்துக்கு எனக்குத் தெரிந்து இதுதான் வழி. மெழுகுடப்பா சொல்வதை நான் ஆமோதிக்கிறேன்.

ஆனால் அது தானாக நிற்காது. மேலே மூட வேண்டும். அதற்குத்தான் வாக்ஸ். உங்கள் முதல் கேள்விக்கு இப்போதுதான் வருகிறோம் தம்பி.

#15 ஞாயிறுகாலை

அதற்கு முன் ஒன்று. கதவுக்குப் பாலிஷ் எதில் தொடங்குவது என்று முடிவு செய்யும்போது கையில் இருப்பதில் மிக மென்மையான பாலிஷையும் மிக மென்மையான ஃபோம் பேடையும் எடுங்கள். கதவின் நடுவில் முக்கால் அடிக்கு முக்கால் அடி டேப்பால் கட்டம் கட்டி, அங்கே மட்டும் போட்டுப் பாருங்கள். சரியாக வந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வராவிட்டால்தான் அடுத்த படி. கையாலும் செய்யலாம், சிங்கிள் ஸ்டேஜ் பெரும்பாலும் கிளியரைவிட மென்மையாகத்தான் இருக்கும். தோள்தான் வலிக்கும்.

சிங்கிள் ஸ்டேஜில் பேட் சீக்கிரம் நிறப்பொடியால் அடைத்துக்கொள்ளும். சிவந்த பேடால் தேய்த்துக்கொண்டே போனால் பாலிஷ் வேலை செய்யாமல் பேட் வெறுமனே தேய்க்கும். நான்கைந்து பேட் வைத்துக்கொண்டு மாற்றிக்கொண்டே இருங்கள்.

#16 துணிவாளி

சரி, வாக்ஸ். வண்டி பாதி நாள் வெயிலில் நிற்கும் என்கிறீர்கள். நான் சீலன்ட் என்பேன். செயற்கை பாலிமர், நான்கைந்து மாதம் நிற்கும், வெயிலுக்குக் கார்னாபாவைவிடத் தாங்கும். நிறத்துக்கு அது தரும் ஆழம் கொஞ்சம் குறைவு, கண்ணாடி போட்ட மாதிரி ஒரு கூர்மையான மினுக்கு வரும். வெள்ளை, வெள்ளி வண்டிக்கு அதுவே அழகு.

#17 மெழுகுடப்பா

பழைய சிவப்பின் மேல் அந்தக் கண்ணாடி மினுக்கை வைத்துப் பார்த்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. அதோடு இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சீலன்ட் பிடிக்க வேண்டுமென்றால் மேல்பரப்பு எண்ணெய்ப்பசை இல்லாமல் இருக்க வேண்டும். நாம் இப்போதுதான் இரவெல்லாம் எண்ணெய் ஊற வைத்தோம். சீலன்டுக்காக ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு அதைத் துடைத்து எடுத்தால் நிறமும் திரும்ப வெளுக்கும். டாப்பில் அது வேண்டாம். எண்ணெயோடு ஒத்துப்போகும் குணம் மெழுகுக்கு உண்டு.

#18 துணிவாளி

இது நியாயமான பேச்சு. நான் டாப்பை யோசிக்கவில்லை. அப்படியானால் டாப்பிலும் கதவிலும் மெழுகு, கிளியர் கோட் இருக்கும் பானட்டில் சீலன்ட். பாகத்துக்குப் பாகம் வேறு வேறு போட்டால் தப்பொன்றும் இல்லை.

#19 புதுக்கை

நடுவில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். எப்போது வாக்ஸ் போட்டாலும் கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்களில் வெள்ளையாகக் காய்ந்து நின்றுவிடுகிறது. எப்படி எடுப்பது?

#20 ஞாயிறுகாலை

முதலிலேயே டேப் ஒட்டிவிடுங்கள். ஏற்கெனவே காய்ந்துவிட்டதென்றால் பழைய டூத் பிரஷ், கொஞ்சம் ஆல் பர்பஸ் கிளீனர், பொறுமை. அப்புறம், நீங்கள் வாக்ஸை அதிகமாகப் பூசுகிறீர்கள் என்று தோன்றுகிறது. போட்ட இடம் லேசாக ஆவி படிந்த கண்ணாடி மாதிரி தெரிந்தால் போதும். தடிமனாகப் பூசியதில் எதுவும் கூடுதலாக ஒட்டாது, மிச்சம் எல்லாம் துணியோடு வந்துவிடும். நிழலில், கை வைத்தால் தகடு குளிர்ச்சியாக இருக்கும்போது போடுங்கள். விரலால் ஒரு கோடு இழுத்தால் அது தெளிவாக நின்றால் காய்ந்துவிட்டது, துடைக்கலாம். விரல் இழுவினால் இன்னும் நேரம் கொடுங்கள்.

#21 சிவப்புக்கதவு

மூன்று வாரம் ஆகிவிட்டது. வார இறுதிகளில் மட்டும் செய்ததால் தாமதம்.

கழுவி, கிளே போட்டு, டாப்பிலும் கதவுகளிலும் டிக்கியிலும் நம்பர் 7 பூசி ஒரு இரவு விட்டேன். மறுநாள் காலை டாப்பைத் துடைத்தபோது துணி முழுக்க இரத்தம் மாதிரி. வீட்டில் பார்த்தவர்கள் கையைக் கிழித்துக்கொண்டேனோ என்று ஓடிவந்தார்கள். இரண்டாம் முறை பூசித் துடைத்தபோது துணியில் நிறம் குறைந்துவிட்டது. மூன்றாம் முறை இளஞ்சிவப்புதான். அதோடு டாப்பை நிறுத்திக்கொண்டேன், பாலிஷ் தொடவில்லை.

கதவுகளுக்குக் கையால் மென்மையான பாலிஷ். முதல் கட்டம் கட்டியபோது டேப்பை உரித்ததும் கட்டத்துக்குள் சிவப்பு, வெளியே வெளிறிய சுவர். என்னால் அதைவிட்டு நகரவே முடியவில்லை, பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கதவுகளில் வேலை முடிந்தபின் மீட்டர் வைத்தேன். எண்களில் பெரிய மாற்றமே தெரியவில்லை, ஒன்றிரண்டு மைக்ரான்தான்.

பானட்டில் திட்டைச் சுற்றி டேப், மீதி இடத்தில் லேசான பாலிஷ் ஒரே ஒரு சுற்று, அப்புறம் சீலன்ட். மற்ற எல்லா இடத்திலும் கார்னாபா பேஸ்ட்.

டாப் புதிது மாதிரி இல்லை. முன் ஓரத்தில் நிறம் கொஞ்சம் மங்கல்தான், பக்கவாட்டில் நின்று பார்த்தால் தெரிகிறது. முன்பென்றால் இன்னும் ஒரு சுற்று தேய்த்துப் பார்ப்போமா என்று கை அரித்திருக்கும்.

#22 பட்டறைக்காரர்

தேய்க்காமல் விட்டீர்களே, அதுதான் நல்ல கை தம்பி. டாப்பை மட்டும் ஆறு வாரத்துக்கு ஒருமுறை மெழுகு பூசிக்கொண்டே வாருங்கள். தண்ணீர் முத்து முத்தாக நிற்பதை வைத்து மட்டும் கணக்குப் போடாதீர்கள். தூசி படிந்தாலும் முத்து நிற்காது, கழுவிவிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். பறவை எச்சம் விழுந்தால் அன்றே ஈரத்துணி போட்டு ஊற வைத்து எடுத்துவிடுங்கள். வெயிலில் பெயிண்ட் இளகி, எச்சத்தைச் சுற்றிக் குளிர்ந்து இறுகினால் அந்தத் தடம் அப்படியே நின்றுவிடும். உங்கள் டாப்பில் அதைத் தேய்த்து எடுக்க இடமில்லை.

பானட் அடிக்கும்போது பெயிண்ட் அடிப்பவரிடம் சிங்கிள் ஸ்டேஜிலேயே அடித்துத் தரச் சொல்லிப் பாருங்கள். கதவோடு அப்போதுதான் சேரும். அடித்த கையோடு மெழுகு போட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேற நாள் ஆகும், எத்தனை நாள் என்று அந்த பெயிண்டுக்கு உரிய கணக்கை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

#23 சிவப்புக்கதவு

செய்கிறேன் ஐயா. சிங்கிள் ஸ்டேஜ் என்ற வார்த்தையை அம்மாவிடம் சொன்னேன், புரியவில்லை. இந்த முறை பானட் நிறம் கதவோடு சேரும் என்றேன். உடனே வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார்கள். இன்று காலை கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தேன். காய்ந்து இரண்டு மணி நேரம் ஆகியும் கதவு அதே சிவப்பில் இருந்தது.